கழிவுக் கல்லில் அடங்கும் கரியமில வாயு

திண்டுக்கல் பக்கத்து மானாவாரிக் காடுகளில் தோண்டினால் பல இடங்களில் சுக்கான்கல் தட்டுப்படும். அதைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். வெளியேறுவது கரியமில வாயு. காற்றிலும் மண்ணிலும் உள்ள இந்த வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர் லேசான அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. பாறையிலிருந்து பிரிந்த கால்சியமும் வாயுவும் சேர்ந்து, நீர் வற்றும்போது கல்லாகப் படிந்துவிடுகின்றன.

இதற்கு இயற்கை பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். பாறையைத் தூளாக்கினால் நீர் படும் பரப்பு பெருகும், வேகமும் கூடும். சுரங்கக் கழிவோ ஏற்கெனவே உடைபட்டுக் கிடக்கிறது. காற்றிலுள்ள வாயுவைக் கல்லாக்க ஆய்வாளர்கள் அதை நாடுவது இதனால்தான்.

ஆனால் எல்லாக் கல்லும் இதற்கு உதவாது. திண்டுக்கல் வட்டாரக் கிரஷர்களில் உடைபடும் சார்னோகைட் தூள் மிக மெதுவாகவே மாறும். கரூர், நாமக்கல் தாண்டிச் சேலத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே சுண்ணாம்புக் கரட்டில் டியூனைட் என்ற கரும்பச்சைப் பாறை இருக்கிறது. அதிலுள்ள ஆலிவின் கனிமத்தில் மெக்னீசியம் மிகுதி. பாறை நெடுக வெள்ளை நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அதுதான் மேக்னசைட், எப்போதோ கரியமில வாயுவை வாங்கிக் கல்லான மெக்னீசியம். எடையில் பாதிக்கு மேல், ஒரு டன்னுக்குச் சுமார் 520 கிலோ, அந்த வாயுதான். உருக்காலை உலைகளின் செங்கலுக்காக மேக்னசைட்டைச் சுடும்போது அத்தனையும் மீண்டும் காற்றுக்கே போகிறது. ஆகவே வெள்ளைக் கல்லை எடுத்தபின் மிஞ்சும் டியூனைட் கழிவை வெறும் குப்பையாக ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மெக்னீசியம் மிகுந்த தூய ஆலிவின் ஒரு டன், கணக்குப்படி 600 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவைப் பிடிக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கீத் நிக்கல் சுரங்கத்தில் இது தானாகவே நடக்கிறது. அங்கே கழிவுத் தூள் ஆண்டுக்குச் சுமார் 40,000 டன் வாயுவை உறிஞ்சுவதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அப்போது சுரங்கம் வெளியிட்டதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அது.

அதற்காக டியூனைட் தூளை அப்படியே வயலில் கொட்டிவிடக் கூடாது. நிக்கலும் குரோமியமும் மண்ணில் சேரும். குவியலை அது கிடக்கும் இடத்திலேயே நனைத்தும் கிளறியும் காற்றுப் பட வைப்பதே நல்லது. எவ்வளவு வாயு பிடிபட்டது என்பதை அறிய, புதிதாகப் படிந்த கார்பனேட் கல்லைப் பழைய நரம்புத் துண்டுகளிலிருந்து பிரித்தறிய கார்பன்-14 சோதனை உதவும். இன்றைய காற்றிலிருந்து வந்த கார்பனில் அது இருக்கும், மிகப் பழைய கல்லில் அழிந்துபோயிருக்கும்.