மூன்று மணி நேரமும் அரை மணி நேரமும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962-ல் ஆர்தர் பார்க்லே உரித்து அனுப்பினார். அதிலிருந்து புற்றுநோயை எதிர்க்கும் பொருளைப் பிரித்து, 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டவர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வாணியும். பாக்லிடாக்செல் என்ற அந்தப் பொருளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு; தண்ணீரில் கரையாது. வாய்வழி கொடுத்தாலும் குடல் சுவரின் செல்கள் உள்ளே வந்ததைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். ஊசியாக ஏற்றுவதொன்றே வழியாக இருந்தது.

அன்று கைகொடுத்தது, ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யப்பட்ட கிரிமோஃபோர் என்ற கரைப்பான். கூடவே, ஏறத்தாழ சரிபாதி ஆல்கஹால். நம் வீட்டு விளக்கெண்ணெய்க்குத் தூரத்து உறவுதான், ஆனால் சாதுவானதில்லை. ஒரு மில்லிலிட்டரில் மருந்து 6 மில்லிகிராம், கிரிமோஃபோர் 527 மில்லிகிராம். ஒரு வேளைக்கு 280 மில்லிகிராம் மருந்து பெறும் பெண்ணின் ரத்தத்தில் அதனுடன் 25 கிராம் அளவுக்குக் கரைப்பானும் இறங்கியது. எது எதைச் சுமந்தது என்றே சந்தேகம் வருகிறது.

1980-களின் சோதனைகளில் சிலருக்கு மூச்சு திணறியது, ரத்த அழுத்தம் சரிந்தது. பழியில் பெரும்பங்கு கரைப்பானுக்கே. அதனால் 24 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். 1992-ல் மருந்து ஒப்புதல் பெற்ற பின் அது 3 மணி நேரமானது. மருந்து ஏற்றுவதற்கு 12 மணி நேரத்துக்கு முன்பே ஒரு முறை, 6 மணி நேரத்துக்கு முன் மறுமுறை, ஒவ்வாமையைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் மாத்திரை. கடைசி அரை மணியில் ஒவ்வாமைக்கான ஊசிகள். பிவிசி பிளாஸ்டிக் பையிலுள்ள வேதிப்பொருளையும் கிரிமோஃபோர் கரைத்தெடுத்துவிடும் என்பதால் கண்ணாடி பாட்டில், தனிக் குழாய், நடுவில் ஒரு வடிகட்டி.

2005-ல் அமெரிக்காவில் வந்த புதிய வடிவத்தில் எண்ணெயும் இல்லை, ஆல்கஹாலும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு மருந்தைச் சேர்த்து 130 நானோமீட்டர் துகள்களாக்கியிருக்கிறார்கள். கண்டிப்பாகச் சொன்னால் இன்றும் அது கரையவில்லை, மிதக்கிறது. பழைய கரைசல் தெளிந்திருக்கும். இது பால்போல் வெளுத்திருக்கும். உப்புநீரைக் குப்பியின் உட்சுவர் வழியே மெல்ல வழியவிட வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். அந்தப் பொறுமைக்குப் பின், ஏற்றி முடிக்க 30 நிமிடம். முந்தின இரவு மாத்திரையும் பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

பரவிய மார்பகப் புற்றுநோயில் 454 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். பழையதில் 19 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, புதியதில் 33 சதவீதம் பேருக்கு. வெள்ளணுக்கள் மிகக் கடுமையாகக் குறைவது 22 சதவீதத்திலிருந்து 9 ஆனது. கரைப்பான் விலகியதால் மருந்தின் அளவையும் உயர்த்த முடிந்தது. உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் 260 ஆயிற்று. அதன் விளைவு விரல் நுனியில் தெரிந்தது. கை, கால் மரத்துப்போகும் கடுமையான நரம்புப் பாதிப்பு 2 சதவீதத்திலிருந்து 10 ஆக ஏறியது. மருந்தை இடையில் நிறுத்தினால் மூன்று வாரமளவில் தணிந்தது உண்மைதான். ஆனால் சட்டைப் பொத்தான் போட வராத அந்த மூன்று வாரம் நீளமானது.

புதியதற்கு விலையும் அதிகம். ஆகவே பழையது வார்டை விட்டுப் போகவில்லை. அரை மணியில் ஒருவர் எழுந்துபோக, பக்கத்துப் படுக்கையில் கண்ணாடி பாட்டில் இன்னும் தொங்குகிறது. ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் செவிலியர் அங்கிருந்து நகர்வதில்லை.