பீரங்கித் துளையும் இறைப்பு இயந்திரமும்

வன்னியில் தோட்டக் கிணற்றடி இறைப்பு இயந்திரம் கடகடவென்று சத்தம் போடத் தொடங்கினால், அது போய்ச் சேருமிடம் லேத் பட்டறை. தேய்ந்த தண்டுக்கு வெல்டிங்கில் இரும்பு ஏற்றி, லேத்தில் பூட்டிக் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். பெயாரிங் இறுகி உட்கார, தண்டு அதன் துளையைவிட நூறில் ஒரு மில்லிமீற்றர் பெரிதாக இருந்தால் போதும். கூடினால் பெயாரிங் சூடாகிப் பழுதாகும். குறைந்தால் தண்டு வழுக்கிச் சுழன்று திரும்பவும் தேயும்.

அளப்பது, பள்ளியில் நாம் திருகிப் பார்த்த அதே நுண்மானித் திருகுக் கணிச்சிதான். ஆனால் கடைந்த சூட்டோடு அளந்தால் ஏமாற்றிவிடும். 25 மில்லிமீற்றர் உருக்குத் தண்டு 40 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினாலே நூறில் ஒரு மில்லிமீற்றர் பருத்துவிடும். கைதேர்ந்தவர் ஆறவிட்டுத்தான் அளப்பார், அவசரப்படுத்தாதீர்கள்.

துல்லியத் துப்பாக்கி செய்பவர்களின் கணக்கும் இதே நூறில் ஒரு மில்லிமீற்றர்தான். கடைசல் தொழிலுக்கே ஆயுதத்தோடு பழைய உறவு உண்டு. இங்கிலாந்தின் ஜோன் வில்கின்சன் 1774இல் பீரங்கி துளைக்கும் புதுமுறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த அனுபவத்தில் அவர் கடைந்து கொடுத்த உருளைகளால்தான் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் ஒழுக்கின்றி ஓடியது. அதன் முதல் வேலைகளில் ஒன்று, சுரங்கத்தில் தண்ணீர் இறைப்பது!

இத்தகைய இயந்திரத் தொழில்நுட்பம் கற்க விரும்பும் இளையோருக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

தண்டு கடையக் கொடுக்கும்போது, போடப்போகும் புதுப் பெயாரிங்கையும் அளவு பார்க்கக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.