மூன்று விரலும் ஒரு சங்கராபரணமும்

எம்.கே.பி. நகரில் நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுப் பையன் நம்மிடம் கணக்குப் படித்தவன். சென்ற மாதம் அவனுடைய தகப்பனார் நம்மைக் கடைவீதியில் நிறுத்தி, "ஸார், பையன் கித்தார் வாங்கியிருக்கிறான். பொழுது விடிந்தால் கார்டு, கார்டு என்கிறான். தபால் கார்டு தெரியும், ரேஷன் கார்டு தெரியும். இது என்ன கார்டு?" என்று கேட்டார்.

கேட்டது வேடிக்கையாகத்தான், ஆனால் குரலில் வேடிக்கை இல்லை. வீட்டுப் பாட்டியம்மாள் இளமையில் வீணை பயின்றவர். 'இது சங்கீதமே அல்ல' என்பது அவருடைய தீர்ப்பு. பையனோ அச்சிட்ட படத்தைப் பார்த்து விரல்களை வைக்கிறானே ஒழிய, ஏன் அங்கே வைக்கிறோம் என்பதை அறியான். வாத்தியத்தை விற்றுவிடுவதென்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஹார்மோனியத்தைக் கடிந்து எழுதிய மகாகவியின் பெயரைத் தாங்கிய நகரில் கித்தாருக்கு இந்தக் கதி நேர்வது பொருத்தந்தான் என்று எண்ணிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சேர்ந்தோம்.

"பாட்டியம்மா, வீணையில் தாளத் தந்திகள் மூன்றையும் சுண்டு விரலால் சேர்த்து மீட்டுவீர்களே, அவை என்ன ஸ்வரங்கள்?" என்றோம்.

"ஸ, ப, மேல் ஸ. இது தெரியாதா?"

"அவற்றோடு ஒரு அந்தர காந்தாரத்தைச் சேர்த்துவிட்டால் அதுதான் பேரனுடைய கார்டு."

பாட்டியம்மாள் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பையன் மூன்று விரல்களை ஊன்றி, தடித்த தந்தியை விட்டு மற்ற ஐந்தையும் மீட்டினான். ஸ, க, ப, ஸ, க. ஐந்து தந்திகள் பேசினாலும் ஸ்வரங்கள் மூன்றே. தனித்தனியே வரிசையாகப் பாடினால் அது பாட்டு. ஒரே சமயத்தில் ஒலித்தால் கார்டு. விஷயம் அவ்வளவே.

எந்த மூன்றைச் சேர்ப்பது என்பதற்கும் சுலபமான வழி உண்டு. சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களை வரிசையாக நிறுத்தி, ஒன்றை எடு, அடுத்ததை விடு, அதற்கடுத்ததை எடு. ஸ-க-ப, ம-த-ஸ, ப-நி-ரி. இந்த மூன்று கூட்டுகளுக்குள் ஏழு ஸ்வரங்களும் அடங்கிவிடுகின்றன. ஆகையால்தான் இம்மூன்றை மட்டும் அறிந்தவனும் எத்தனையோ பாட்டுகளுக்குத் துணை வாசித்துவிடுகிறான். ப-நி-ரியை மீட்டி நிறுத்தினால் காது சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள நிஷாதம் ஷட்ஜத்துக்கு அரை ஸ்வர தூரத்தில் நின்று, வீட்டு வாசலைக் கண்ட மாடு போல உள்ளே போகத் துடிக்கிறது.

பிறகு பையனை மோதிர விரலை மட்டும் எடுத்து வேறு தந்தியில் வைக்கச் சொன்னோம். பஞ்சமம் போய்த் தைவதம் வந்தது, த-ஸ-க ஆயிற்று. "அடடா, முகம் வாடிவிட்டதே!" என்றார் பாட்டியம்மாள். நடுவிலுள்ள ஸ்வரம் அடி ஸ்வரத்தை அரை ஸ்தானம் நெருங்கி வந்ததுதான் காரணம். அந்தர காந்தாரத்தை விட்டுச் சாதாரண காந்தாரத்தைப் பிடித்தால் சங்கராபரணத்தின் களை மாறுகிறதல்லவா, அதே சங்கதி. மேல்நாட்டார் முன்னதை 'மேஜர்' என்றும் பின்னதை 'மைனர்' என்றும் சொல்வார்கள்.

"எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு" என்றார் தகப்பனார். இங்கேதான் மணலியை நினைக்க வேண்டும். எம்.கே.பி. நகருக்கு வடக்கே சில மைல் தூரத்தில், இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வேங்கடகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமசாமி தீக்ஷிதர் குடும்பம் வாழ்ந்தது. முதலியார் கும்பினியில் துபாஷ் உத்தியோகம் பார்த்தவர். அவருடன் கோட்டைக்குச் சென்ற தீக்ஷிதரின் குமாரர்கள் அங்கே ஐரோப்பிய பாண்டு வாத்தியத்தைக் கேட்டார்கள். பாலுஸ்வாமி பிடில் கற்றுக்கொண்டார். 1835-இல் காலமான முத்துஸ்வாமி தீக்ஷிதரோ, அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார். 'நொட்டு ஸ்வரம்' என்று வழங்கும் அவை ஏறக்குறைய நாற்பது, எல்லாம் சங்கராபரணம். ஆங்கிலேயரின் ராஜ கீத மெட்டே அவற்றுள் 'ஸந்ததம் பாஹிமாம்' ஆகியிருக்கிறது. அவற்றில் பலவும் ஸ, க, ப என்ற படிகளில் தாவித் தாவி ஏறுவதைக் கேட்கலாம். கார்டைப் பிரித்துப் பாட்டாக்கியது போலவே இருக்கும்.

சுருதி கூடிய தம்பூராவைக் காதோடு வைத்துக் கேட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். யாரும் மீட்டாமலே அதில் அந்தர காந்தாரம் எழுகிறது. ஷட்ஜம் நாலு முறை அதிரும் நேரத்தில் காந்தாரம் ஐந்து முறையும் பஞ்சமம் ஆறு முறையும் அதிர்கின்றன. இந்த நாலு, ஐந்து, ஆறு கணக்கை எந்தத் தேசத்தாரும் கண்டுபிடித்து வைக்கவில்லை, தந்தியிலேயே கிடக்கிறது.

இதைக் கேட்டதும் பாட்டியம்மாள், "அப்படியானால் இவன் காந்தாரம் ஏன் ஒரு மயிரிழை ஏறியிருக்கிறது?" என்றாரே பார்க்கலாம்! நாம் அசந்துபோனோம். உண்மைதான். கித்தாரில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமக் கூறுகளாக்கி மெட்டு வைத்திருக்கிறார்கள். எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்தாலும் கார்டு ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட சமாதானம் அது. அதில் நஷ்டப்பட்டது காந்தாரம். கமகமும் கார்டுக்குள் நுழைய முடியாது. ஒரு ஸ்வரம் அசைந்தால் கூட்டுக் கலைந்துவிடும். நம் சங்கீதம் ஒரே ஷட்ஜத்தில் நிலைத்து அசைவைத் தேடிற்று. அவர்களுடையது அசைவை விட்டுக் கூட்டைத் தேடிற்று. இரண்டுக்கும் விலை உண்டு.

"ஆக, விற்க வேண்டாமா ஸார்?" என்றார் தகப்பனார்.

"முதலில் அந்தக் காந்தாரத்துக்கு ஒரு வழி பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு, பாட்டியம்மாள் கித்தாரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.