கோட்டை மண் – 9: மன்னிப்பும் ஆயுதப் பறிப்பும் ஒரே காகிதத்தில்

சென்ற வாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரானை நெற்கட்டுஞ்செவல் கோட்டைக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். ஆண்டு 1755. இருபதாயிரம் ரூபாய் கொடுத்தால் முற்றுகையை விலக்கிக்கொள்வதாக அவர் சொல்லி அனுப்பினார். அவரிடம் சுவரை உடைக்கிற பீரங்கி இல்லை, பணத்துக்கும் தட்டுப்பாடு. அந்தக் கோட்டையின் பாளையக்காரர் பூலித்தேவருக்கு அது தெரிந்திருந்தது. ஒரு காசும் பெயரவில்லை. வெறுங்கையோடு திரும்பிய ஹெரானுக்குச் சென்னையில் ராணுவ விசாரணை காத்திருந்தது; வேலையும் போனது.

அதற்குப் பிறகு கம்பெனியின் தளபதியாக வந்தவர் யூசுப்கான். நம் ஊர்க்காரர், நம் பாளையங்களின் உட்பகை அத்தனையும் தெரிந்தவர். 1759-ல் திருவிதாங்கூரைப் பூலித்தேவர் பக்கத்திலிருந்து பிரித்துத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். மேற்கே மலை அரணாக இருக்கும்வரை இந்தப் பாளையங்களுக்கு முதுகுப் பக்கத்தில் பயமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவரே எதிரியோடு சேர்ந்தபின் எத்தனை நாள் தாங்கும்? 1761 மே மாதத்தில் நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் விழுந்தன. பூலித்தேவர் சங்கரன்கோவில் கோவிலுக்குள் போனார், சோதியில் கலந்துவிட்டார் என்று இந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றும் சொல்கிறார்கள். அவர் மறைந்த இடமென்று கோவிலுக்குள் ஓர் அறையையும் காட்டுவார்கள்.

அதோடு கதை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முடியவில்லை. யூசுப்கானையே அவருடைய எஜமானர்கள் 1764-ல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். அந்தக் குழப்பத்தில் மேற்குப் பாளையத்தார் மறுபடியும் கோட்டைகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

1767 மே மாதம் கம்பெனியின் கர்னல் டொனால்ட் கேம்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கினார். தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகும் பாதையில் கடையநல்லூர், புளியங்குடி தாண்டினால் வருகிற அதே வாசுதேவநல்லூர்தான். இந்த ஒரு வாரச் சண்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

கோட்டை என்றதும் செஞ்சியையோ வேலூரையோ நினைத்துக்கொள்ளக் கூடாது. இது மண் கோட்டை. கல் சுவரில் குண்டு பட்டால் கல் தெறிக்கும், ஒன்று பெயர்ந்தால் அடுத்ததும் சரியும். நன்றாக மிதித்துக் குழைத்துக் கட்டிய மண்சுவர் அப்படியல்ல; குண்டை வாங்கித் தனக்குள் புதைத்துக்கொள்ளும். ஓயாமல் சுட்டு ஒரு வாய் திறந்தால், உள்ளே இருந்தவர்கள் பனந்தடியையும் வைக்கோலையும் ஈரமண்ணையும் கொண்டுவந்து அந்த இடத்திலேயே அடைத்தார்கள். அடைக்கிறவன் குண்டு பட்டு விழுந்தால் அவன் இடத்துக்கு அடுத்தவன் வந்தான். கேம்பெல் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் துணிச்சலை வியந்தே எழுதினார். கடைசியில் நல்ல மழை. அந்த மழையில் கோட்டைக்காரர்கள் வெளியேறி மலைப்பக்கம் போய்விட்டார்கள். கேம்பெல் கைக்குக் கிடைத்தது காலிக் கோட்டை.

மண் சுமந்த அந்தக் கைகள் யாருடையவை என்பதையும் சொல்லாமல் போகக் கூடாது. முன்பு பூலித்தேவர் படையிலேயே ஒண்டிவீரன் இருந்தார், வெண்ணிக் காலாடி இருந்தார். குடல் சரிந்த வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு காலாடி போரிட்டதாக இந்த வட்டாரம் சொல்லிவருகிறது. மறவர், அருந்ததியர், பள்ளர் என்று பல குடியும் சிந்திய ரத்தம் அது. இன்று அவரவர் வீரரை அவரவர் மட்டும் கொண்டாடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

சரி, இந்தப் பாளையங்களை ஒரேயடியாக முடித்த அடி எது? ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘டெத் ப்ளோ’ என்றால் ஆளை வீழ்த்துகிற அடி. பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்ட ‘கூ த கிராஸ்’ வேறு வகை: ஏற்கெனவே விழுந்து துடிக்கிறவனை இரக்கப்பட்டு முடித்துவைக்கிற அடி. பத்திரிகைகளில் இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறார்கள். நம் கதைக்கு அந்த வேறுபாடு முக்கியம்.

1799 அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறில் மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்ணெதிரே வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார் மேஜர் பானர்மன். கையோடு கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு. அது முதல் வகை அடி. அப்போதும் எழுந்தார்கள். 1801-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் நடத்திய போர் அந்த ஆண்டு இறுதிக்குள் தூக்குமரங்களில் முடிந்தது. 70-க்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

இரண்டாவது வகை அடி 1801 டிசம்பர் 1-ம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவின் அறிக்கையாக வந்தது. அதில் ஒரு பக்கம் பொதுமன்னிப்பு: கலகத்தில் சேர்ந்தவர்கள் பயமின்றி வீடு திரும்பலாம், பாளையக்காரர்களுக்கு நிலையான வரி நிர்ணயம் கிடைக்கும். இன்னொரு பக்கம், இனி எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. இடித்த கோட்டையைப் பத்து ஆட்களும் பனந்தடியும் இருந்தால் மறுபடி எழுப்பிவிடலாம். வேலும் வல்லயமும் துப்பாக்கியும் போனபின் எதை வைத்துக் கோட்டையைக் காப்பது? கேம்பெலின் பீரங்கிகளால் ஆகாததை இந்தக் காகிதம் சாதித்தது என்பதே என் முடிவு. அதைச் சாதிக்கும்போது கருணை என்றும் பெயர் சூட்டிக்கொண்டது.

அடி வாங்கியவர்கள் பாளையக்காரர்கள் மட்டுமல்ல. அவர்களில் பலர் ஜமீன்தார்களாகிப் பிழைத்துக்கொண்டார்கள். காவல்காரனுக்குத்தான் பிழைப்பு போனது. ஊரையும் களத்தையும் பாதையையும் காத்து, அறுப்பு நேரத்தில் நெல்லாகவும் பணமாகவும் பெற்றுவந்த தலக்காவல், தேசக்காவல் உரிமைகளைக் கம்பெனி ஒழித்தது. காவல் வேலையைத் தன் போலீஸிடம் கொடுத்தது. நூறு ஆண்டு கழித்து, அதே காவல் குடிகளில் சில பிரிவினரை 1911-ம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சேர்த்து ரேகை பதிய வைத்தார்கள். காவல்காரனின் பேரனைத் திருடன் என்று பதிவேட்டில் எழுதினார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரை ஆனது.

கோட்டைகள் இடிபட்ட அந்த ஆண்டுகளை ஒட்டித்தான் குற்றாலத்தில் கம்பெனியின் சாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் தளிர்விட்டன. பாளையங்கோட்டைத் துரைமார்கள் சாரல் காலத்தில் அருவிக்கரை பங்களாக்களுக்கு வந்து தங்கத் தொடங்கினார்கள். வடக்கே ஒரு நாள் குதிரைப் பயணத்தில் வாசுதேவநல்லூர். இனி அந்தப் பக்கத்திலிருந்து குண்டு வராது என்ற தைரியம் இல்லாமல் அந்தத் தோட்டங்களைப் போட்டிருக்கமாட்டார்கள்.

ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு ஜமீன் உரிமைப் பத்திரமான சன்னத்தை வாங்கிக்கொண்ட சிவகிரி, ஊத்துமலை, சொக்கம்பட்டி ஜமீன்களுக்குப் பிறகு என்ன நடந்தது? 1803-ம் ஆண்டின் நிலவரி ஏற்பாட்டிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)