வளைந்த உத்தரத்திற்கு எத்தனை பெயர்?

‘விட்டம்’ என்னும் சொல்லுக்குக் கூரையைத் தாங்கும் கட்டை என்றும், வட்டத்தின் மையத்தூடு செல்லும் கோடு என்றும் இரு பொருள் உண்டு. நேரான விட்டத்தைப் பற்றிப் பேசும்வரை இதனால் இடரில்லை. வளைந்த விட்டத்தைக் கணினியில் வரையப் புகும்போதோ, ‘விட்டத்தின் விட்டம் யாது?’ என்று வினவ நேரிடும். ஆகவே ஈண்டுத் தாங்கும் உறுப்பை உத்தரம் என்றே வழங்குவோம். வளைவின் அளவை ஆரத்தால் குறிப்போம்.

ரெவிட் போன்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள்களில் ஒரு கோட்டை வரைந்தால், அதன் வழியே உத்தரம் உருப்பெறும். கோட்டுக்குப் பதிலாக வட்டவில் வரைந்தால் உத்தரமும் வளையும். ஆனால் அந்த வில் எந்தத் தளத்தில் அமைகிறது என்பதை நாம் முன்னரே தெளிவாக்க வேண்டும். (தளம் என்பது மாடியையும் குறிப்பதால் இதனை வரைதளம் என்போம்.) மாடியின் கிடைப்படத்தில் வரைந்தால், வட்டமான பால்கனியின் விளிம்பைப்போல் உத்தரம் கிடையாக வளையும். மேல்நோக்கி வளைய வேண்டுமாயின், முதலில் செங்குத்தான வரைதளம் ஒன்றை அமைத்து, முகப்புப்படத்திலோ வெட்டுப்படத்திலோ வில்லை வரைதல் வேண்டும். புதிதாகப் பயில்வோர் பெரிதும் இடறுவது இவ்விடத்தில்தான்.

சிங்கப்பூரில் இவ்வேறுபாட்டைக் கண்ணாரக் காணலாம். 2008இல் திறக்கப்பெற்ற 274 மீட்டர் நீளமுள்ள ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில், வளைந்த எஃகு விலாக்கள் நடைதளத்திற்கு மேலும் கீழுமாக அலைபோல் ஏறியிறங்குகின்றன. 2010இல் திறக்கப்பெற்ற 280 மீட்டர் நீளமுள்ள ஹீலிக்ஸ் பாலத்திலோ நடைபாதையே கிடையாக வளைகிறது. அதனைச் சூழ்ந்த எஃகுக் குழாய்கள் திருகுசுருளாகச் செல்வதால், எந்த ஒரு வரைதளத்திலும் அடங்கா. ஒற்றை வில்லாக அவற்றை வரைந்துவிட இயலாது.

பெயரைப் பிரிக்க வேண்டுவது வடிவத்திற்காக மட்டுமன்று. வாளியின் கைப்பிடியைக் கிடையாகப் பிடித்து விட்டுவிட்டால், அது தன் எடையாலேயே சுழன்று கீழே விழும். இரு முனையும் அது திரும்புவதைத் தடுக்காமையே காரணம். கிடையாக வளைந்த உத்தரமும் அத்தகையது. சுமை ஏறினால் அது வளைவதோடு முறுக்கவும் படுகிறது. ‘ஐ’ வடிவ எஃகு முறுக்கைத் தாங்குவதில் வலிமை குன்றியது. பெட்டி வடிவம் வலிமை மிக்கது. மேல்நோக்கி வளைந்ததிலோ, இரு முனைகளும் நகராதிருந்தால், தாங்குமிடங்களை வெளிப்புறமாகத் தள்ளும் விசை பிறக்கிறது. இரண்டையும் ‘வளைந்த பீம்’ என்றே கூறி, முனைகளை இறுக்குமுன் முட்டுகளை எடுக்கச் சொன்னால், கீழே நிற்பவர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியாக இருக்கலாம். அவருக்குப் புரியுமாறு கிடைவளை உத்தரம், மேல்வளை உத்தரம் என்னும் இரு சொற்களை நாம் முன்மொழிகிறோம். இவற்றினும் நல்லன கிடைப்பின் மகிழ்ச்சியே.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். வலிமையைக் கணிக்கும் மென்பொருள்கள் பல, வில்லை வில்லாகவே கொள்வதில்லை. குறுகிய நேர்த்துண்டுகளின் தொடராக மாற்றிக்கொள்கின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு நாண். அதன் நடுவிலிருந்து வில்வரை உள்ள இடைவெளியை லத்தீனில் ‘சஜிட்டா’ என்றும், வடமொழிக் கணிதத்தில் ‘சரம்’ என்றும் அழைத்தனர்; இரண்டும் அம்பைக் குறிப்பனவே. வில்லும் நாணும் கலைச்சொல்லாகிவிட்ட தமிழில் அம்பையும் அவ்வாறே ஆளலாம். நாணின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் அம்பு ஏறத்தாழக் கிடைக்கும். ஆரம் 10 மீட்டர், நாண் 2 மீட்டர் எனில் அம்பு 5 சென்டிமீட்டர். நாணை 1 மீட்டராகக் குறைத்தால் அம்பு 1.25 சென்டிமீட்டராகிவிடும்.