படகு வாங்குமுன்

கமக்காரனுக்கு நிலம் எவ்வாறோ, கடற்றொழிலாளிக்குப் படகும் அவ்வாறே. எனினும் இரண்டுக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. உழுகின்றபோது கலப்பை முறிந்தால் கமக்காரன் வரம்பில் அமர்ந்து இளைப்பாறலாம். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால் அமர்வதற்கு அங்கே வரம்பில்லை. ஆகவே, படகு வாங்குதல் ஏனைய பொருள்களை வாங்குதல் போன்றதன்று. ஒரு குடும்பத்தின் நெடுநாட் சேமிப்பும், பல வேளைகளில் அடைவு வைத்த நகையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடலுக்குச் செல்வோரின் உயிரும் அந்தப் படகை நம்பியே நிற்கின்றன.

கடற்கரைக்கு அப்பால் வாழும் நேயர்களின் பொருட்டு முதலில் ஒரு சிறு விளக்கம். கட்டுமரமும் வள்ளமும் தோணியுமே நம் கரைகளில் நெடுங்காலம் தொழிலுக்குப் பயன்பட்டன. 1958ஆம் ஆண்டளவில் இயந்திரம் பூட்டிய மூன்றரைத் தொன் படகுகள் அரசாங்க உதவியுடன் வழக்கத்துக்கு வந்தன. அதன் பின்னர் கண்ணாடி நாராலும் பிசினாலும் செய்யப்படும் இலகுவான படகுகள் பரவின. இத்தகைய படகுகளைக் கட்டிய காரைநகர்ச் சீநோர் தளம் வடபகுதி மக்கள் நன்கறிந்த ஒன்றாகும். இக்காலத்தில் கரையை அண்டிய தொழிலுக்குப் பெரிதும் பயன்படுவது, ஏறத்தாழ 18 முதல் 23 அடி வரை நீளமுள்ள கண்ணாடி நார்ப் படகும், அதன் பின்புறத்தில் மாட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரமுமே. இவற்றைப் பற்றியே இங்கு பேசுகின்றோம்.

படகு வாங்குவோர் சீர்தூக்க வேண்டியவை மூன்று. ஒன்று விலை, மற்றொன்று தரம், இன்னொன்று, விற்றவர் விற்பனைக்குப் பின்னரும் தரும் துணை. இவற்றுள் விலை ஒன்றே எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. தரம், பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்கு மாத்திரம் தெரிவது. விற்றவரின் துணையோ இயந்திரம் பழுதாகும் நாள்வரை ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. ஆயினும், இறுதியில் படகின் உண்மையான விலையைத் தீர்மானிப்பவை கண்ணுக்குத் தெரியாத அவ்விரண்டுமேயாம்.

முதலில் விலையை எடுத்துக்கொள்வோம். விற்பனையாளர் கூறும் தொகை, படகு கரையை விட்டுப் புறப்படுவதற்கான விலை மாத்திரமே. அது ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போய் மீள்வதற்கான விலை வேறு. ஓர் உதாரணம் கூறுவோம். ஓர் இயந்திரம் மணிக்கு 8 லீற்றர் எரிபொருள் குடிக்கிறது என்றும், அதே வேலையைச் செய்யும் மற்றொன்று 6 லீற்றர் குடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 3 மணி நேரம் வீதம் ஆண்டில் 200 நாள் ஓடினால், முன்னையது 4,800 லீற்றரும் பின்னையது 3,600 லீற்றரும் செலவழிக்கும். வேறுபாடு 1,200 லீற்றர். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்ததை நம் கடற்றொழிலாளர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த 1,200 லீற்றருக்குப் பழைய விலையில் 104,400 ரூபா. புதிய விலையில் 408,000 ரூபா. எரிபொருள் விலை அதன் பின்னரும் மாறியே வந்திருக்கிறது, இனியும் மாறும். வாங்குகின்ற அன்று ஓர் இலட்சம் ரூபா மீதம் பிடித்தோம் என்று மகிழ்ந்தவர், ஆண்டு திரும்புமுன் அதனைப் போல் பன்மடங்கை எண்ணெய்க்குக் கொடுத்திருப்பார். இஃது யானையைக் கட்டித் தீனி போட்ட கதையே அன்றி வேறென்ன?

விலைக்குள் மறைந்திருக்கும் இன்னொரு செலவு கடன். முற்பணம் தந்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் படகு வாங்குவோர் நம்மிடையே பலர். அங்கே வட்டி என்று ஒரு சொல் வாயில் வராமலிருக்கலாம். ஆனால், சந்தை விலையிலும் குறைந்த விலைக்கு ஒவ்வொரு நாளும் மீன் நிறுக்கப்படுமாயின், அந்தக் குறைவே வட்டியாகும். அதனையும் கூட்டிப் பார்த்த பின்னரே எது மலிவு, எது கிராக்கி என்று முடிவு செய்தல் வேண்டும்.

அடுத்தது தரம். கண்ணாடி நார்ப் படகு ஓர் அச்சினுள் படிப்படியாக உருவாவது. முதலில் நிறமுள்ள மேற்பூச்சு. அதன்மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்துப் பிசின் ஊட்டி, உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, மீண்டும் பாயும் பிசினுமாகப் பல அடுக்குகள். இதிலே கண்ணாடி நாரே பலத்தைத் தருவது. பிசின் அதனைப் பிணைத்து வைப்பது. நாரைக் குறைத்துப் பிசினைக் கூட்டினால் படகு பாரமாகவும் தடிப்பாகவும் தோன்றும். ஆனால் அலை அடிக்க அடிக்க வெடிக்கும். பிசினை இறுகச் செய்யும் திரவத்தை அளவின்றிக் கலந்தாலும், ஈரம் மிகுந்த நாளில் வேலை செய்தாலும், உள்ளே காற்றுக் குமிழ் தங்கினாலும் கேடுதான். பளபளக்கும் மேற்பூச்சின் கீழ் இவை யாவும் மறைந்துவிடும் என்பதே வாங்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு.

இதன் விளைவை நாம் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை நம் கரைகளில் பல்லாயிரம் படகுகளை அழித்தது. இழந்தவர்களுக்கு விரைவாகப் படகு கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் எங்கும் எழுந்தது. தேவை பெருகவே, முன் அனுபவமில்லாத பலரும் படகு கட்டத் தொடங்கினர். அவ்வாறு கட்டப்பட்ட படகுகள் பலவற்றின் தரக்குறைவை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தைச் சார்ந்த வல்லுநர்களும் சுட்டிக்காட்ட நேர்ந்தது. விரைவும் மலிவும் சேர்ந்து வரும்போது தரம் விடைபெற்றுக்கொள்ளும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படியாயின், வாங்குவோர் எவ்வாறு சோதிப்பது? முதலாவதாக, படகு கட்டும் இடத்துக்கே சென்று, முடிந்த படகை மாத்திரமன்றி முடியாத படகையும் பார்த்தல் வேண்டும். பாய்கள் வெயிலும் மழையும் படாமல் வைக்கப்பட்டிருக்கின்றனவா, பிசின் அளந்து கலக்கப்படுகிறதா என்பதைக் கண்ணால் காணலாம். இரண்டாவதாக, படகின் உடலை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே செல்லலாம். எங்கும் ஒரே தன்மையான ஒலி வருதல் நன்று; ஓரிடத்தில் மாத்திரம் மந்தமான ஒலி கேட்பின், அங்கே அடுக்குகள் ஒட்டாமல் பிரிந்திருக்கலாம். மூன்றாவதாக, இயந்திரம் தொங்கும் பின்பலகையை நன்கு ஆராய்தல் வேண்டும். அதனுள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். ஆணித் துளைகளை நன்றாக அடைக்காவிட்டால் நீர் உட்புகுந்து பலகை உக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உக்கிய பின்பலகை ஒருநாள் இயந்திரத்தையும் கொண்டு கடலுக்குள் போய்விடும்.

இவை யாவற்றிலும் முக்கியமானது, படகு நீர் நிறைந்தாலும் மிதக்குமா என்பது. கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த பொருள் நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியுடையது. மரம் போல அது தானாக மிதக்காது. 300 கிலோகிராம் எடையுள்ள படகின் உடல் நீருள் அமிழ்ந்த பின்னரும் ஏறக்குறைய 100 கிலோகிராம் பாரத்துடன் கீழே இழுக்கும். இயந்திரத்துக்கும் நங்கூரம் முதலியவற்றுக்கும் இன்னொரு 100 கிலோகிராம் என்று கொள்வோம். இந்த 200 கிலோகிராமைத் தாங்குவதற்கே 200 லீற்றர் கொள்ளளவுள்ள, நீர் உறிஞ்சாத நுரைக்கட்டி படகினுள் இருத்தல் வேண்டும். படகைப் பற்றிக்கொண்டிருக்கும் மனிதரையும் தாங்க வேண்டுமாயின் அதற்கும் மேல் வேண்டும். வெறும் காற்றறைகளை நம்புதல் ஆகாது. ஒரு வெடிப்பு விழுந்தால் அவற்றினுள் நீர் புகுந்துவிடும். ஆதலால், பணம் கொடுக்குமுன் ஆழம் குறைந்த இடத்தில் இயந்திரத்தின் பாரத்துக்கு ஈடான மணல் மூட்டைகளைப் பின்புறத்தில் ஏற்றி, படகை நீரால் நிரப்பிப் பார்க்கும்படி கேளுங்கள். நாணயமான கட்டுநர் இதற்கு மறுப்புக் கூறார்.

மூன்றாவது, விற்றவரின் துணை. இயந்திரம் எவ்வளவு சிறந்ததாயினும் உப்புநீரில் உழைப்பது, தேய்ந்தே தீரும். இயந்திரத்தைக் குளிரச் செய்வதற்கு நீரை ஏற்றும் இறப்பர்ச் சக்கரம் தேயும். விசிறி பாறையில் பட்டு உடையும். நீர்த்தடுப்பு வளையம் பழுதாகிப் பற்சில்லு எண்ணெயில் நீர் கலந்து அது பால் போல் வெளுக்கும். இவை சிறிய பழுதுகளே. ஆனால், ஒரு சிறிய இறப்பர்ச் சக்கரம் கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்குப் பத்து நாள் ஆகுமாயின், அந்தப் பத்து நாளும் படகு மணலில் கிடக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் பல நாள் கடலுக்குப் போக இயலாத வடகரைத் தொழிலாளிக்கு, மீன்படும் பருவத்தின் பத்து நாள் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. இயந்திர விலையில் பெற்ற கழிவு முழுவதும் அந்தப் பத்து நாளில் கரைந்துபோகும்.

ஆகவே, விற்பனையாளரிடம் இயந்திரத்தின் விலையைக் கேட்குமுன் உதிரிப்பாகங்களின் விலையைக் கேளுங்கள். மேலே கூறிய மூன்று பாகங்களையும் கையிருப்பிலிருந்து எடுத்துக் காட்டும்படி சொல்லுங்கள். எடுத்துக் காட்டுபவர் ஒருவகை. வரவழைத்துத் தருவேன் என்பவர் இன்னொரு வகை. உங்கள் துறையிலேயே பெரும்பாலோர் எந்த இயந்திரத்தைப் பாவிக்கிறார்கள் என்றும் பாருங்கள். பலரும் பாவிக்கும் இயந்திரத்துக்கே அருகில் திருத்துநர் இருப்பார். அவசரத்துக்கு அயலவரிடமும் ஒரு பாகம் இரவல் பெறலாம். உத்தரவாதப் பத்திரத்தைக் கையெழுத்திடுமுன் முழுவதும் வாசியுங்கள். உல்லாசத்துக்காக ஓடும் இயந்திரத்துக்கு நீண்ட காலமும், தொழிலுக்காக ஓடும் அதே இயந்திரத்துக்குக் குறுகிய காலமும் உத்தரவாதம் அளிப்பது உற்பத்தியாளர் பலரின் வழக்கம். பழுதுபார்ப்பது எந்த ஊரில், கொண்டுசெல்லும் கூலி யாருடையது என்பனவும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

பெரிய பெயர் ஒன்றே போதும் என்றும் எண்ணிவிடலாகாது. ஜோன்சன், எவின்றூட் என்னும் புகழ்பெற்ற வெளியிணைப்பு இயந்திரங்களைச் செய்துவந்த அமெரிக்க நிறுவனம் 2000 டிசம்பரில் வங்குறோத்து நிலையை அடைந்தது. அப்பெயர்களை மறு ஆண்டில் வாங்கிய கனடிய நிறுவனமும் எவின்றூட் இயந்திர உற்பத்தியை 2020ஆம் ஆண்டில் நிறுத்தியது. உற்பத்தி நின்றாலும் ஏற்கெனவே விற்ற இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அத்தகைய வேளையில் உரிமையாளருக்குக் கைகொடுப்பவர், உதிரிப்பாகமும் தொழில் அறிவும் கைவசமுள்ள உள்ளூர் முகவரும் திருத்துநருமே.

இவையெல்லாம் நன்று, ஆனால் கையில் உள்ள பணம் போதாதே, என்ன செய்வது என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்றும் முழுமையாகக் கிடைப்பது அரிது. எதையாவது குறைக்கத்தான் வேண்டுமாயின், குறைக்கத் தக்கது எது, தகாதது எது என்பதை அறிந்து குறைத்தல் வேண்டும். படகின் உடற்பலத்தையும் மிதப்பையும் ஒருபோதும் குறைத்தல் ஆகாது; அவை உயிரோடு சம்பந்தப்பட்டவை. குறைக்கத் தக்கது குதிரைவலு. 25 குதிரைவலு போதுமான தொழிலுக்கு 40 குதிரைவலுவை நாடுவோர் விலையிலும் எண்ணெயிலும் கூடுதலாக இழப்பதோடு, தாங்கும் அளவுக்கு மேற்பட்ட வலுவைப் பின்பலகையிலும் சுமத்துகின்றனர். அடுத்த துறையின் படகை முந்திச் செல்லும் பெருமை மீனின் விலையை உயர்த்துவதில்லை. வர்ணமும் அலங்காரமும் பின்னர் ஆகலாம். கையிலுள்ள பணம் முழுவதையும் விற்பனையாளரிடம் கொடுத்துவிடாமல், உயிர்காப்பு அங்கிகளுக்கும், ஒரு மேலதிக விசிறிக்கும், சில உதிரிப்பாகங்களுக்கும் ஒரு பகுதியைப் பிரித்து வைத்தல் அறிவுடைமை.

பாவித்த படகை வாங்குவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்படுகின்றன. பதிவு யாருடைய பெயரில் உள்ளது, படகில் எழுதியுள்ள இலக்கமும் பத்திரத்திலுள்ள இலக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பணம் கைமாறுதல் முறை.

தனியொருவருக்குக் கடினமானது பலர் கூடினால் எளிதாகும். ஒரு துறையிலுள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பத்துப்பேர் ஒரேவகை இயந்திரத்தை ஒருங்கே வாங்குவார்களாயின், விலையில் பேரம் பேசலாம். அவசியமான உதிரிப்பாகங்களைச் சங்கக் கட்டடத்திலேயே ஓர் அலுமாரியில் வைத்திருக்கலாம். ஊர் இளைஞர் ஒருவரைத் திருத்துவேலை பயில அனுப்பலாம். அப்போது, விற்றவர் கடையை மூடிச் சென்றாலும் அவர்தர வேண்டிய துணை ஊரிலேயே நிலைத்திருக்கும்.

படகு வாங்கப் போகின்றவர் இனி, “என்ன விலை?” என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், “நீர் நிறைந்தால் மிதக்குமா? ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும்? பழுதானால் எத்தனை நாளில் மீண்டும் ஓடும்?” என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்பாராக. இம்மூன்றுக்கும் தெளிவான விடை தருகின்றவரிடம் சிறிது கூடுதலாகக் கொடுத்து வாங்கினாலும் நட்டமில்லை. அந்தக் கூடுதல் பணம், விடிகாலையில் கடலுக்குப் போனவர் பொழுது சாயுமுன் கரைக்கு மீள்வதற்காகக் கொடுத்த பணமாகும்.