இன்ஜினுக்குள் ஓர் உப்பளம்

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி நீர் வற்ற வற்ற, அதில் கரைந்திருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து அடியில் படியும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் 3 டிகிரியை ஒட்டி இருக்கும். வெயிலில் அது ஏற ஏற முதலில் சுண்ணாம்பு படியும். 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் தொடங்கும். 25 டிகிரியைத் தாண்டியதும் நாம் சோற்றில் போடும் உப்பு பூக்கும். இதே வேலை கரையில் ஏற்றி நிறுத்திய படகு மோட்டாருக்குள்ளும் நடக்கிறது. அங்கே பாத்தி கட்ட ஆள் தேவையில்லை. பழைய அவுட்போர்டு மோட்டாரை வாங்கி முதன்முதலாக ஓட்டிப் பார்க்கிறவர் எதிர்கொள்ளும் தொல்லைகளில் பல இந்த உப்பால் வருபவை.

தமிழகக் கரையில் ஃபைபர் படகுகள் பலவற்றில் நீளத் தண்டு வைத்த டீசல் இன்ஜின்தான் ஓடுகிறது. அவுட்போர்டு வேறு வகை. இன்ஜின், கியர், புரொப்பல்லர் மூன்றும் ஒரே உடலாக இருக்கும்; படகின் பின்பலகையில் மாட்டித் திருகினால் போதும். சுக்கானும் தனியாக வேண்டாம், மோட்டாரையே திருப்பலாம். அலைவாய்க்கரையில் மணல் தட்டும்போது அப்படியே தூக்கிவிடலாம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் 1909-ல் விற்கத் தொடங்கிய ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரின் அமைப்பு இன்றைய யமஹா, சுசுகிகளிலும் பெரிதாக மாறவில்லை. மேலே இன்ஜின், நடுவே செங்குத்துத் தண்டு, நீருக்குள் கியர்பெட்டி.

காருக்கு ரேடியேட்டர் உண்டு. ஒரே நீர் சுற்றிச் சுற்றி வரும். அவுட்போர்டுக்குக் கடல்தான் ரேடியேட்டர். கியர்பெட்டிக்குச் சற்று மேலே உள்ள இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம் கடல்நீரை உறிஞ்சி சிலிண்டரைச் சுற்றி அனுப்ப, சூடேறிய நீர் மறுபடி கடலுக்கே போகிறது. கார் இன்ஜின் 80, 90 டிகிரி செல்சியஸில் ஓடும். கடல்நீரால் குளிரும் மோட்டாரை 50, 60 டிகிரி அளவிலேயே வைத்திருப்பார்கள். அதற்கு மேல் போனால் உள்வழிகளில் சுண்ணாம்பு வேகமாகப் படியும். மோட்டாரை நிறுத்தியதும் ஓட்டம் நின்றுவிடும், சூடு உடனே தணியாது. உள்ளே தங்கிய நீர் அந்தச் சூட்டிலேயே வற்றி உப்பாகும். கழுவாமலே வைத்த மோட்டாரில் ஒவ்வொரு பயணமும் ஒரு படலம் சேர்த்து வழியை அடைக்கும்.

அதனால் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கும் முன் செய்யவேண்டியது இம்பெல்லரை மாற்றுவது. நல்லதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவதே மேல். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்ததில் ரப்பர் இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்தே இறுகியிருக்கும். கீழ்ப்பகுதியைக் கழற்றும்போது போல்ட் அசைய மறுத்தால் பலம் காட்டக் கூடாது. அலுமினிய உடலும் எஃகு போல்ட்டும் உப்புநீரில் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டுப் பிடித்துக்கொள்ளும். முறுக்கினால் தலை ஒடியும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுப்பது நல்லது. அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளத்தான் வெளியே துத்தநாகக் கட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது பாதிக்குமேல் கரைந்திருந்தால் புதிது போடவேண்டும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் பயனில்லாமல் போகும்.

அடுத்தது கியர் ஆயில். கீழ்த் திருகைக் கழற்றிச் சிறிது வழிய விட்டால் சேதி தெரியும். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் சீல் போய் நீர் புகுந்திருக்கிறது. புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாகவே ஏற்றவேண்டும். மேல்துளையில் ஆயில் எட்டிப்பார்க்கும்போது உள்ளே காற்று மிச்சமில்லை என்று அர்த்தம்.

பிளக்கைக் கழற்றிய இடத்தில் அழுத்தமானியை வைத்துக் கயிற்றை இழுத்தால் சிலிண்டரின் நிலை தெரிந்துவிடும். இரட்டைச் சிலிண்டர் மோட்டாரில் இரண்டு அளவுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கலாம். பிறகு பொறி. பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் பிளக்கை அதன் வயரோடு இன்ஜின் உடலில் தொடவைத்து இழுத்தால் நீலநிறமாய் வெட்டவேண்டும். பேட்டரி இல்லாவிட்டாலும் பொறி வரும்; சுழலும் ஃப்ளைவீலில் உள்ள காந்தமே மின்சாரம் தருகிறது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதைப் பிரித்து, நுண்துளைகளைக் கம்பியால் குத்தாமல், கிளீனர் அடித்து ஊதவேண்டும்.

டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்குத் தனி ஆயில் தொட்டி பெரும்பாலும் இருக்காது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்கவேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. பழைய மாடல்கள் சில இருபத்தைந்துக்கு ஒன்று கேட்கும். அப்போது 400 மில்லி. கையேடு சொல்வதே கணக்கு. குறைந்தால் பிஸ்டன் இறுகும், கூடினால் பிளக் கரிபிடிக்கும்.

முதல் ஓட்டத்துக்குக் கடல் வேண்டாம், திறந்தவெளியில் ஒரு டிரம் நல்ல தண்ணீர் போதும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, நீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்படி மோட்டாரை மாட்டவேண்டும். நீரில்லாமல் ஓட்டினால் புது இம்பெல்லர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும். டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து, எரிபொருள் குழாயின் ரப்பர் பந்து கெட்டியாகும் வரை அழுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, அவசரமாக நிறுத்தும் கயிற்றை மாட்டி, சோக்கை இழுக்கவேண்டும். ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடிப்பு தட்டும் வரை மெல்ல இழுத்து, அங்கிருந்து ஒரே வெட்டாக இழுப்பதுதான் பக்குவம். பற்றியதும் சோக்கை உள்ளே தள்ளவேண்டும். ஆரம்பத்தில் கிளம்பும் புகைக்குப் பயப்பட வேண்டாம். கண் இருக்கவேண்டிய இடம் பின்பக்கச் சிறு துளை. அங்கே நீர் பீச்சினால் பம்ப் வேலை செய்கிறது. சிறிது நேரத்தில் வராவிட்டால் உடனே நிறுத்திவிடவேண்டும்.

டிரம்மில் தேறிய மோட்டாரைப் பிறகு படகில் மாட்டி வெள்ளோட்டம் விடலாம். அமைதியான நீர் என்று மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஏரிப் பக்கம் போகக் கூடாது. அது 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மோட்டார் என்றால் பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்குத் திரும்பவேண்டும். இல்லையேல் மறுநாள் கார்புரேட்டரில் தேங்கிய மண்ணெண்ணெய் கிளம்ப விடாது. கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டால் உள்ளிருக்கும் உப்பு கரைந்து வெளியேறும்.

வாங்கப் போகிறவர் சிலிண்டர் தலையைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். ஆறிய மோட்டார் எத்தனை இழுப்பில் கிளம்பும் என்பது மறைந்துவிடும். ஆறும்வரை காத்திருந்து, உங்கள் கண்முன் டிரம்மில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் பேரம் பேசுவது வீண்.